அறுபதைத் தாண்டினால் மூச்சு வாங்கும் பழைய மாருதி 800

2025 மே 4, இரவு 9.40 (குடியாத்தம் வாசகர்)

அண்ணே, 1998 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. சென்னையில் ஓடியது, மூன்றாவது கையாக நான் வாங்கினேன். ஊருக்குள் நன்றாகத்தான் ஓடுகிறது. நாலு கட்டு கைலி ஏற்றிக்கொண்டு ஆம்பூர் போகும்போது அறுபதுக்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது. மிதித்தால் சத்தம்தான் வருகிறது, இழுவை இல்லை. பிளக்கும் ஏர் ஃபில்டரும் மாற்றியாச்சு. கார்புரேட்டரையே மாற்று, ஆறாயிரம் ஆகும் என்கிறார்கள். மாற்றலாமா?

மே 5, காலை 6.15 (என் பதில்)

மாற்றாதே தம்பி. என் 1996 வண்டிக்கும் மார்ச்சிலிருந்து இதே நோய். வேலூர் சத்துவாச்சாரியில் கிளம்பிப் பள்ளிகொண்டா டோல் வரை ராஜா மாதிரி வரும், அப்புறம் லாரிகளுக்கு வழிவிட்டு ஓரமாக ஊர்ந்து போவேன். அப்பா வாங்கிய வண்டி என்பதால் தள்ளிவிட மனசில்லை. நானும் இன்னும் காரணத்தைப் பிடிக்கவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்து இங்கே எழுதுகிறேன், நீயும் அதையே உன் வண்டியில் பார்.

கார்புரேட்டர் என்பது பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் பாகம். அதில் கை வைப்பதற்கு முன் செலவில்லாமல் பார்க்க வேண்டியவை சில உண்டு. "சத்தம்தான் வருகிறது" என்றாயே, அது கிளட்ச் வழுக்குவதாகவும் இருக்கலாம். வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை முழுசாக இழுத்து, நாலாவது கியர் போட்டு, லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்துக் கிளட்சை விடு. இன்ஜின் உடனே அணைந்தால் கிளட்ச் நல்லது. அணையாமல் உறுமிக்கொண்டே இருந்தால் கிளட்ச் போயிற்று. முன்னால் சுவரோ ஆளோ இல்லாத இடமாகப் பார்த்துச் செய்.

அடுத்தது பிரேக் பிடிப்பு. பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி நாலு வீலையும் கையை அருகில் கொண்டுபோய்ப் பார். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தப் பிரேக் விடாமல் கவ்விக்கொண்டிருக்கிறது. 796 சிசி மூன்று சிலிண்டர் இன்ஜின் இது. இருக்கிற பலமே கொஞ்சம், அதில் ஒரு வீல் பிரேக் பிடித்தால் மிச்சம் என்ன இருக்கும்?

மே 6, இரவு

கிளட்ச் சோதனையில் இன்ஜின் உடனே அணைந்தது, வீல் நாலும் ஒரே சூடு என்று எழுதியிருக்கிறாய். சரி. என் வண்டியிலும் அதே.

மே 8, இரவு 10.20

கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். டேங்க் மூடி.

பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். மூச்சுத் துளை அடைத்துக்கொண்டால் டேங்குக்குள் வெற்றிடம் சேரும், பம்ப் எவ்வளவு உறிஞ்சினாலும் பெட்ரோல் வராது. டப்பாவில் ஒரே ஓட்டை போட்டு எண்ணெய் ஊற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இன்றைக்குச் சாயங்காலம் மூடியை ஒரு சுற்றுத் தளர்த்தி வைத்துக்கொண்டு காட்பாடிப் பாலம் தாண்டி ஓட்டினேன். எழுபத்தைந்து தொட்டது, தடுமாறவே இல்லை. நாளைக்குப் புது மூடி.

தளர்த்திய மூடியோடு தினமும் ஓட்டாதே. வளைவில் பெட்ரோல் வெளியே தெறிக்கும். சோதனைக்கு மட்டும், அதுவும் டேங்க் பாதிக்குக் கீழே இருக்கும்போது.

மே 11, ஞாயிறு, பிற்பகல் 3.00

மேலே மூடி என்று எழுதியது தப்பு. புது மூடி போட்டு இன்று பகல் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினேன். மாதனூர் போவதற்குள் பழைய கதை. அன்று சாயங்காலம் மழை தூறி ரோடு குளிர்ந்திருந்தது, அதனால் ஓடியிருக்கிறது. மூடிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நீ மூடி வாங்கியிருந்தால் மன்னித்துவிடு.

ஆனால் இன்றைக்கு ஒன்றைக் கவனித்தேன். எழுபதுக்குப் போனதும் உடனே சாய்வதில்லை. ஒரு நிமிஷம் நன்றாகப் போகிறது, அப்புறம்தான் மூச்சு வாங்குகிறது. காலை எடுத்து நாற்பதில் கொஞ்ச தூரம் போய் மறுபடி மிதித்தால் இன்னொரு நிமிஷம் கிடைக்கிறது. இது பெரிய துப்பு என்று படுகிறது. சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.

மே 11, இரவு 8.45

அந்த ஒரு நிமிஷத்தை யோசித்துப் பார்.

என் வண்டி இப்போது லிட்டருக்குப் பதினைந்து கூடத் தருவதில்லை. பதினைந்து என்றே வைத்துக்கொண்டாலும் எழுபதில் போகும்போது மணிக்கு 4.7 லிட்டர் போல வேண்டும். நிமிஷத்துக்குக் கிட்டத்தட்ட 78 மில்லி. சும்மா நின்று ஓடும்போது மணிக்கு முக்கால் லிட்டர்கூடப் போகாது. அதாவது நின்று ஓடும்போது கேட்பதைப் போல ஆறு மடங்குக்கு மேல் நெடுஞ்சாலையில் கேட்கிறது. கார்புரேட்டரில் மிதவை இருக்கும் கிண்ணத்தில் கொஞ்சம் பெட்ரோல் எப்போதும் இருப்பு இருக்கும். பின்னாலிருந்து வருவது குறைந்தால் முதலில் அந்த இருப்பு கரையும். அது தீரும் வரை வண்டிக்கு எதுவும் தெரியாது. என் ஒரு நிமிஷம் அதுதான். மெதுவாகப் போனால் கிண்ணம் மறுபடி நிறைகிறது.

பிளக்கில் விழும் தீப்பொறியில் கோளாறு என்றால் பெரும்பாலும் இப்படிக் காத்திருக்காது. பாயிண்ட், காயில், வயர் எதுவானாலும் பொதுவாகக் குறிப்பிட்ட சுற்றுக்கு ஏறிய கணமே வெட்டி வெட்டி இழுக்கும். புகை போகும் வழி அடைத்திருந்தால் எப்போது மிதித்தாலும் ஒரே மாதிரி கனமாக இருக்கும், இடைவெளி விட்டாலும் சலுகை கிடைக்காது.

ஆகவே தம்பி, அடுத்த தடவை போகும்போது எத்தனை வேகத்தில் சாய்கிறது என்பதை மட்டும் பார்க்காதே. எவ்வளவு நேரம் கழித்துச் சாய்கிறது என்று பார். பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து அவரை மணி பார்க்கச் சொல்.

இன்னொன்று, சோக், அதாவது காற்றைக் குறைத்துக் கலவையில் பெட்ரோலைக் கூட்டுவது. சாயும்போது சோக் குமிழைக் கால்வாசி இழுத்துப் பார். உயிர் வந்தால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். இன்னும் மோசமானால் பெட்ரோல் பற்றாக்குறை இல்லை. எனக்கு உயிர் வந்தது.

மே 13

எல்லாம் எத்தனாலால்தான் என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். பாதி உண்மை. இப்போது பெட்ரோல் பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலுக்குப் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு வெப்பம் குறைவு, எரிவதற்குக் காற்றும் குறைவாகவே தேவை. பழைய கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட் இதையெல்லாம் அறியாமல் அதே அளவைத்தான் விடும், காற்றின் அளவுக்கு எரிபொருள் போதாமல் கலவை கொஞ்சம் வறண்டு போகும். மைலேஜில் தெரியும், பிக்கப்பிலும் லேசாகத் தெரியும். ஆனால் அறுபதில் சுவர் எழுப்பியது போல நிறுத்தாது. நேற்றுவரை ஓடிய வண்டி இன்று ஓடவில்லை என்றால் வேறு ஏதோ கெட்டிருக்கிறது.

மே 18, ஞாயிறு

பாட்டில் சோதனை செய்தேன். இன்ஜின் ஸ்டார்ட் ஆகாதபடி காயிலின் நடு வயரைக் கழற்றி இன்ஜின் பிளாக்கோடு சேர்த்துக் கட்டி, கார்புரேட்டருக்கு வரும் ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, அண்ணன் மகனை ஸ்டார்ட்டர் சுற்றச் சொன்னேன். மெக்கானிக்குகள் ஏசி பம்ப் என்பார்களே, கேம்ஷாஃப்ட் இடித்து இயக்கும் பம்ப், அது தாராளமாக ஊற்றியது. அப்புறம் டேங்கிலிருந்து பம்புக்கு வரும் ஹோஸைக் கழற்றி அதற்குள் கம்ப்ரெசர் காற்று ஊதிப் பார்த்தேன், டேங்க் வரை தடையில்லாமல் போய்க் குமிழி விட்டது. பம்ப் நல்லது, லைன் நல்லது.

அப்படியானால் மிச்சம் வெயில். காலை ஆறு மணிக்கு ஓடுகிறது, நண்பகலில் ஓடவில்லை. அக்னி நட்சத்திரத்தில் நம் ஊர் நாற்பது டிகிரியைத் தொடும்போது லைனில் பெட்ரோல் ஆவியாகிப் பம்ப் வெறும் ஆவியை உறிஞ்சும். இதுதான் என்று முடிவு கட்டினேன். பம்பின்மேல் ஈரத் துணி சுற்றி நாளைக்குப் போகிறேன். இந்தப் பக்கத்து டாக்ஸிக்காரர்கள் அம்பாசடர் காலத்திலிருந்து செய்வது.

மே 19

ஈரத் துணி சுற்றியும் மாற்றமில்லை. பள்ளிகொண்டா தாண்டி அதே இடத்தில் படுத்தது. இறங்கிப் பானெட்டைத் திறந்து பார்த்தேன். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்ரோல் ஃபில்டர் முக்கால்வாசி காலி. வீட்டில் பார்த்தபோது அது நிறைந்திருந்தது.

மே 20, இரவு 11.00

தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன். காய்ச்சல் அடிக்கும்போது பார்க்க வேண்டிய நாடியைக் காய்ச்சல் விட்டபின் பார்த்திருக்கிறேன். பாட்டில் சோதனையைக் காலை ஏழு மணிக்கு, ராத்திரி முழுக்கக் குளிர்ந்து நின்ற வண்டியில் செய்தேன். அப்போது அதற்கு நோயே இல்லை. பதினெட்டாம் தேதி "லைன் நல்லது" என்று எழுதியதை யாரும் நம்ப வேண்டாம். வண்டி படுத்த இடத்திலேயே, படுத்த ஐந்தாவது நிமிஷத்திலேயே பார்த்திருக்க வேண்டும்.

மே 25, ஞாயிறு, நீளமாக எழுதுகிறேன்

மெக்கானிக் பாயிடம் போனேன். அப்பா காலத்திலிருந்து இந்த வண்டியைப் பார்ப்பவர், இப்போது கடையை மகன் பார்த்துக்கொள்கிறார். கதையை முழுக்கக் கேட்டார். ஊதிப் பார்த்தேன் என்று சொன்னதும் சிரித்துவிட்டு, "ஊதினால் வழிவிடும் தம்பி, உறிஞ்சினால்தானே அடைக்கும்" என்றார். எனக்கு அப்போது புரியவில்லை.

மத்தியானம் ஒரு மணிக்கு வண்டி கொதிக்கக் கொதிக்க இருக்கும்போது பம்புக்கு வரும் பழைய லைனைக் கழற்றி அடைத்தார். பம்புக்குப் புது ஹோஸ் போட்டு, அதன் மறுமுனையை ஒரு சின்ன கேனில் விட்டுக் கட்டினார். மகன் பக்கத்தில் உட்கார, பாகாயம் வரை போய் வந்தோம். எண்பது. ஒரு நிமிஷம் இல்லை, நாலு நிமிஷம் மிதித்தபடியே. கார்புரேட்டரும் பம்பும் நல்லவை, நோய் பம்புக்குப் பின்னால் என்று அந்த ஒரே ஓட்டத்தில் தெரிந்துவிட்டது. இதை வீட்டில் செய்யாதீர்கள். இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் பெட்ரோல் கேன் என்பது விளையாட்டில்லை. அவர் தீயணைப்பானைக் கையில் வைத்துக்கொண்டுதான் செய்தார்.

அப்புறம் பின்பக்கம் தூக்கிப் பார்த்தோம். டேங்கிலிருந்து இரும்புக் குழாய்க்குப் போகும் இடத்தில் ஒரு சாண் ரப்பர் ஹோஸ். வெளியே பார்க்கப் புதுசு போல இருக்கிறது, மூன்று வருஷத்துக்கு முன் நானே மீட்டர் கணக்கில் வாங்கி மாட்டியது. பாய் அதைப் பிளேடால் நெடுக்கப் பிளந்து காட்டினார். உள்தோல் வெங்காயத் தோல் மாதிரி உரிந்து தொங்குகிறது. முன்னாலிருந்து காற்று ஊதினால் அந்தத் தோல் சுவரோடு ஒட்டி வழிவிடுகிறது. பம்ப் உறிஞ்சும்போது எழுந்து வாயை மூடுகிறது. சைலன்சர் பக்கத்திலிருந்தும் ரோட்டிலிருந்தும் சூடு ஏற ஏற ரப்பர் இளகி இன்னும் நன்றாக மூடுகிறது. காலையில் ஓடி மத்தியானம் படுத்ததற்குக் காரணம் வெயில்தான், ஆனால் நான் நினைத்தபடி ஆவியால் இல்லை. ஈரத் துணியை நான் சுற்றியது முன்னால், அடைப்பு இருந்தது பின்னால்.

மே 13 அன்று எத்தனாலைப் பாதி உண்மை என்று எழுதினேன். அந்தப் பாதியைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். சாதாரண ரப்பர் எத்தனாலில் ஊறி உப்பி உள்ளுக்குள் உரியும் என்று பாய் சொல்கிறார். வருகிற பழைய வண்டிகளில் எல்லாம் இதைப் பார்க்கிறாராம். பெட்ரோல் ஹோஸ் என்று கேட்டால் போதாது, எத்தனால் தாங்கும் பெட்ரோல் ஹோஸ் என்று கேட்டு, மேலே அச்சிட்டிருப்பதைப் படித்து வாங்குங்கள். மொத்த வண்டிக்கும் மாற்றியதில் கூலியோடு எழுநூறு ரூபாய்.

டேங்கிலிருந்து பம்ப் வரை உறிஞ்சும் பக்கம் என்பதையும் மறக்க வேண்டாம். அங்கே கிளிப் தளர்ந்தால் பெட்ரோல் ஒழுகாமலே கூட இருக்கலாம், ஓடும்போது காற்றைத்தான் உள்ளே இழுக்கும். தரையில் சொட்டு இல்லை என்பதால் லைன் நல்லது என்று சொல்லிவிட முடியாது.

மே 26

தம்பி, உன் தகவலை இப்போதுதான் பார்த்தேன். நேர இடைவெளி இல்லவே இல்லை, முதல் கிலோமீட்டரிலேயே கனமாக இருக்கிறது, சோக் இழுத்தால் மோசமாகிறது என்கிறாய். உனக்கும் ஹோஸ்தான் என்று எழுத வாயெடுத்தேன், நல்லவேளை முழுசாகப் படித்தேன். உன்னுடையது வேறு நோய். நியூட்ரலில் நிறுத்தி வைத்து முழுக்க மிதித்தால் சுற்று ஏறுகிறதா?

மே 28

நியூட்ரலிலும் ஏறவில்லை, பாதியில் நின்று அமுங்கிய குரலில் முனகுகிறது. அப்படியானால் வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் ஒரு பல் தாண்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் புகை வழி அடைத்திருக்க வேண்டும். பெல்ட் குறியைப் பார்க்கச் சொல். மெக்கானிக்கிடம் இன்ஜின் உறிஞ்சும் பலத்தை அளக்கும் வேக்குவம் கேஜ் இருந்தால், கலவை உள்ளே போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டில் மாட்டச் சொல். சும்மா ஓடும்போது முள் பதினேழு பதினெட்டு அங்குலத்தில் நிற்க வேண்டும். சுற்றை ஏற்றி அப்படியே பிடித்துக்கொண்டிருக்கும்போது முள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால், போன புகை வெளியேற வழியில்லாமல் உள்ளேயே முட்டுகிறது.

கேஜ் இல்லையென்றால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் இணையும் முன்பக்கப் புகைக் குழாயின் போல்ட்டைத் தளர்த்திவிட்டு ஒரு தெரு ஓட்டிப் பார்க்கலாம். காது கிழியும், ஆனால் இழுவை திரும்பினால் சந்தேகமே இல்லை.

ஜூன் 1, ஞாயிறு

குழாயைத் தளர்த்தியதும் பறந்தது என்று எழுதியிருக்கிறாய். உன் செய்தியைப் படித்ததும் எனக்கு உறைத்தது. உன் வண்டி சென்னையில் விற்றது. 1995 ஏப்ரலிலிருந்து நான்கு பெருநகரங்களில் விற்ற புது பெட்ரோல் கார்களுக்குப் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயம். வேலூரில் வாங்கிய என் 1996 வண்டியில் அந்தப் பொருளே கிடையாது, அதனால் எனக்கு முதல் நாளே தோன்றவில்லை. உனக்கு அது இருக்கும். அதற்குள் தேனடை போன்ற பீங்கான் கட்டி ஒன்று உண்டு. பிளக் மாற்றும் முன் எவ்வளவு நாள் மிஸ்ஸிங்கோடு, அதாவது பெட்ரோல் சரியாக எரியாமல் இன்ஜின் விட்டு விட்டு வேலை செய்ய, ஓட்டினாய்? எரியாத பெட்ரோல் அங்கே போய் எரிந்தால் கட்டி உருகும், உடையும், துண்டு குறுக்கே உட்கார்ந்து வழியை மறைக்கும். குளிர்ந்திருக்கும்போது மரச் சுத்தியால் லேசாகத் தட்டிப் பார், சலசலக்கிறதா என்று.

ஜூன் 3

நாலு மாதம் மிஸ்ஸிங்கோடு ஓட்டினேன், தட்டினால் உண்டியல் மாதிரி சத்தம் வருகிறது என்று பதில் வந்திருக்கிறது. உடைந்ததை எடுத்துவிட்டு வெறும் குழாய் வைக்கலாம் என்று கடையில் சொன்னார்களாம். வேண்டாம். புகைச் சோதனைச் சான்று ஒரு பக்கம் இருக்கட்டும், குடியாத்தம் தெருக்களின் அகலத்துக்கு உன் புகை அடுத்த வீட்டுத் திண்ணையில்தான் போய் விழும். புதுசு போடு. கார்புரேட்டருக்கு எடுத்து வைத்த பணம் இருக்கிறதே.

சைலன்சரையும் சேர்த்துப் பார்த்துவிடு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நீண்ட ஓட்டத்தில் அது ஆவியாக வெளியேறிவிடும். நீ ஓட்டுவது போல ரெண்டு ரெண்டு கிலோமீட்டராக ஓட்டினால் சைலன்சர் சூடாவதற்குள் நிறுத்திவிடுகிறாய், தண்ணீர் உள்ளேயே தங்கித் துருப்பிடிக்கும்.

ஜூன் 15, ஞாயிறு

என் வண்டி முடிந்த கதை என்று நினைத்தேன், இல்லை. படுப்பதில்லை, உண்மைதான். ஆனால் எண்பதை நெருங்கும்போது ஒரு மந்தம். ஹோஸ் கோளாறு இருந்தவரை அந்த வேகத்துக்குப் போக முடியாததால் இது தெரியவே இல்லை.

அம்மா அலமாரியை ஒதுக்கும்போது அப்பாவின் பெட்ரோல் நோட்டு கிடைத்தது. 1996இலிருந்து ஒவ்வொரு தடவையும் எத்தனை லிட்டர், எத்தனை கிலோமீட்டர் என்று பச்சை மையில் எழுதி வைத்திருக்கிறார். "திருவண்ணாமலை போய்வர, கிரிவலம், 17.8" என்று ஒரு வரி. லிட்டருக்குப் பதினேழு கிலோமீட்டருக்குக் கீழே மிக அபூர்வம். எனக்கு இப்போது பதினாலு. எத்தனாலைக் கழித்தாலும் ஒன்றரைக்கு மேல் குறையக் கூடாது. மிச்சம் எங்கே போகிறது?

ஜூன் 22, ஞாயிறு

டிஸ்ட்ரிபியூட்டர், ஒவ்வொரு பிளக்குக்கும் முறை வைத்துப் பொறியைப் பிரித்துக் கொடுப்பது. பாய் இன்னும் டெல்கோ என்றுதான் சொல்கிறார். மூடியைக் கழற்றி ரோட்டரைக் கையால் திருப்பிவிட்டால் ஸ்பிரிங் இழுத்து டக்கென்று பழைய இடத்துக்கு வர வேண்டும். என்னுடையது திருப்பிய இடத்திலேயே சோம்பேறியாக நின்றது. சுற்று ஏற ஏறப் பொறி முன்கூட்டியே விழுவதற்காக உள்ளே ரெண்டு சின்ன எடைக்கட்டிகள் விரியும். இருபது வருஷத்துப் பழைய கிரீஸ் பசையாகி அவற்றை ஒட்டிப் பிடித்திருக்கிறது. மெதுவாகப் போகும்போது தெரியாது, வேகத்தில் பொறி தாமதமாக விழும், இழுவை போகும்.

பக்கத்தில் இருக்கும் வேக்குவம் டயாஃப்ரமையும் பார்த்தோம், இன்ஜின் உறிஞ்சுவதைக் கொண்டு பொறி விழும் நேரத்தை மாற்றும் சவ்வு அது. அதன் ஹோஸை வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்தால் பிடித்து நிற்க வேண்டும். நிற்கவில்லை, கிழிந்திருக்கிறது. மைலேஜைத் தின்றது பெரும்பாலும் இதுதான். மண்ணெண்ணெயில் கழுவி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, டயாஃப்ரமைப் பழைய சாமான் கடையில் தேடிப் போட்டாயிற்று. பொறி விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட் வைத்துப் பார்த்தபோது மிதிக்க மிதிக்கக் குறி நகர்வதைப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

ஜூன் 29

தம்பி வண்டி ஆம்பூருக்கு ஆறு கட்டு கைலியோடு எண்பதில் போகிறதாம். ரொம்ப சந்தோஷம். பிரியாணி வாங்கி வருகிறேன் என்றாய், மறக்காதே.

ஜூலை 6, ஞாயிறு, இரவு

அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஏலகிரி போய்வந்தேன். பதினாலு கொண்டை ஊசி வளைவும் ரெண்டாவது கியரில் திணறாமல் ஏறியது. திரும்பும்போது வாணியம்பாடியிலிருந்து பள்ளிகொண்டா வரை எழுபத்தைந்திலேயே பிடித்து வந்தேன், ஃபில்டர் நிறைந்தே இருந்தது. பங்கில் நிரப்பிக் கணக்குப் பார்த்தேன். 182 கிலோமீட்டர், 11.2 லிட்டர். அப்பாவின் நோட்டில் அவர் நிறுத்திய பக்கத்துக்கு அடுத்த வரியில் எழுதி வைத்தேன்: "ஏலகிரி போய்வர, அம்மாவுடன், 16.2".